முதல் டிகாஷன்

பிச்சமுத்து திருச்சி பெரிய கடை வீதியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தார். பித்தளை பில்டர் விற்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மேல் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓட்டையைப் பாருங்கம்மா, ஊசி நுழையாது. டிகாஷன் தேன் மாதிரி சொட்டும்" என்பார். வருகிறவர்கள் வாயைப் பிளந்து கேட்டு வாங்கிப் போவார்கள். அந்தப் பில்டரில் பொடியை எங்கே போடுவது, வெந்நீரை எங்கே ஊற்றுவது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதெல்லாம் அவர் மனைவி வள்ளிக்கண்ணுவின் இலாகா.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், நாலு குடித்தனத்துக்கு ஒரே கிணறு இருந்த வரிசை வீட்டில், அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சுவர். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவர் ஏப்பம் விட்டால் என் அடுப்படியில் கேட்கும். அதனால் இந்தக் கதைக்காக நான் யாரிடமும் போய் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

வள்ளிக்கண்ணு விடியும் முன்னே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். கிணற்றடியில் குடத்தை நிறைத்துக்கொண்டே என்னிடம் ஊர்வம்பை முடித்துவிடுவாள். பிறகு பில்டர். முதலில் ஊற்றுகிற வெந்நீரில் கெட்டியாக இறங்குவது முதல் டிகாஷன். அது புதுப் பாலோடு பிச்சமுத்துவுக்குப் போகும், அந்த நேரத்தில் ஆம்பிளை விருந்தாளி யாராவது வந்து தொலைத்தால் அவர்களுக்கும் போகும். அதே பொடியின் தலையில் இன்னொரு தடவை வெந்நீரை ஊற்றினால் பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் இறங்கும். அதற்கும் டிகாஷன் என்றுதான் பெயர். அதில் மிச்சப் பாலை விட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, ஒரு கண்ணை உலைமேல் வைத்துக்கொண்டு வள்ளிக்கண்ணு குடிப்பாள். அவளை யாரும் அப்படிக் கொடுமைப்படுத்தவில்லை. நாலு வீட்டிலும் பெண்பிள்ளைகள் குடித்தது அதைத்தான். எங்கள் அம்மா குடித்ததும் அதுதான்.

நயா பைசா வந்த வருஷம், ஐப்பசியில், வள்ளிக்கண்ணு டைபாய்டில் படுத்தாள். ஒரே மகள் லால்குடியில் மாசமாக இருந்தாள். காய்ச்சல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். பிச்சமுத்துவின் அக்கா இருசம்மாள் திருவெள்ளறையில் இருந்தாள். வயல் வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லியனுப்பினாள். அந்த வேலை காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் முடியவில்லை. கடைசியில் பிச்சமுத்து கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். உள்ளே போன நாழிகையிலிருந்து மகான் ஆகிவிட்டார்.

நான் சும்மா சொல்லவில்லை. அவர் ஒரு மிளகு ரசம் வைத்தார். அந்த ரசத்தைப் பற்றி சந்து முழுக்கப் பேசினார்கள். வள்ளிக்கண்ணு இருபது வருஷம் வைத்த ரசத்தைப் பற்றி, உப்புக் கூடின அன்றைக்குத் தவிர, யாரும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவள் சேலையை ஒருநாள் துவைத்தார். கொல்லைக் கொடியில் இடமிருக்க, தெருவாசலில் கயிறு கட்டிக் காயப்போட்டார். ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் நோயாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவரிடம் போய் உட்கார்ந்துகொண்டார்கள். "குடுத்து வச்சவ நீ, வள்ளி" என்று என் காதுபடவே எத்தனை பேர் சொன்னார்கள்! எழுந்து ஒன்றுக்குப் போகக்கூடத் தெம்பில்லாமல், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து கிடந்தவளைப் பார்த்து அப்படிச் சொல்ல மனசு வந்ததே, அதைச் சொல்லுங்கள்.

காய்ச்சல் விட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. டாக்டர் வந்து நாக்கைப் பார்த்து, "இனி மெதுவா நடமாடலாம். ஆசைப்பட்டா காபிகூடக் கொஞ்சம் குடிக்கலாம்" என்றார்.

அன்றைக்குத்தான் பிச்சமுத்து பில்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் எதிரே இருந்த காபி கிளப்பிலிருந்து கூஜாவில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சந்திரம்மா, இதுல எப்படிம்மா போடுறது?"

"ஊருக்கே வித்தீங்களேண்ணே!" என்றேன்.

"விக்கிறது வேற, போடுறது வேறம்மா" என்றார், கொஞ்சங்கூட வெட்கப்படாமல்.

பொடியை அமுக்குவது, வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது, மூடிவைத்துக் காத்திருப்பது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது தண்ணீரைச் சொல்லவில்லை. மறந்துபோய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரும் நான் சொன்னபடியே போட்டார். இறங்கினதை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக விட்டுப் பாலை ஊற்றினார். பொடியைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் கொட்டினார். ஒரு தண்ணீர்கூட முழுசாகப் பார்க்காத நல்ல பொடி! கிணற்றடியிலிருந்து பார்த்த எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் நான் போனபோது வள்ளிக்கண்ணு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலி டம்ளரை இன்னும் மடியில் வைத்திருந்தாள்.

"அக்கா, காபின்னா இதானாக்கா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. இருபது வருஷம் தினம் இரண்டு வேளை தன் கையாலேயே போட்ட சாமான். ஒரு வாய் ருசி பார்த்ததில்லை.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. உடம்பு தேறிக்கொண்டு வந்தது, வள்ளிக்கண்ணு எழுந்திருக்கவில்லை. முறத்தில் உளுந்தைப் போட்டுக் கொடுத்தால் நாலு கல் பொறுக்கிவிட்டு வைத்துவிடுவாள். ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்து கோலப்பொடியை எடுத்தாள். இரண்டு புள்ளி வைத்துவிட்டு, கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பிச்சமுத்து கடைக்குப் போக ஆரம்பித்தும், காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, சோற்றை வடித்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. மகான் பட்டம் மெல்லக் கசக்க ஆரம்பித்திருந்தது. ரசத்தைப் பற்றி யாரும் இப்போது பேசவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். திருஷ்டி என்று ஒருத்தி மிளகாய் சுற்றிப் போட்டாள். கடை வீதியில் பக்கத்துக் கடைக்கார நஜிமுதீன் பாய் தர்காவில் ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் கறுப்பாக ஒரு டானிக் எழுதினார். பிச்சமுத்து சமயபுரம் மாரியம்மனுக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டார். அந்த மாவை இடிக்க வேண்டியவள் படுத்திருக்கிற வள்ளிக்கண்ணுதான் என்பது அம்மனுக்குத் தெரியும், அவருக்குத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம், யாரும் இல்லாதபோது, நானே கேட்டுவிட்டேன்.

"என்னடி பண்ணுது? நெசத்தைச் சொல்லு."

"எந்திரிக்கணும்னு தோணலக்கா. எந்திரிச்சா எல்லாம் பழையபடி ஆயிடும்."

"காபிக்காகவா படுத்துக் கிடக்க?"

"காபி இல்லக்கா. காலம்பற கண்ணு முழிக்கையில ஒருத்தர் கலந்து எடுத்துட்டு வந்து, இந்தான்னு கையில குடுக்கிறாங்க. எனக்கு அப்படி யாருக்கா குடுத்தாங்க? நாளைக்கு நான் வாசத் தெளிச்சா, நாளை மறுநா அது கெடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இப்படியே கெடந்தா நான் எதுக்கும் ஆகாதவளாப் போயிடுவேன்னு பயமாவும் இருக்கு."

அதுவரை அவள்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. அன்றைக்கு அது போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் இருசம்மாளின் வயல் வேலை முடிந்தது. ஒரு பூசணிக்காயும் பை நிறைய மொச்சையுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ராத்திரி தம்பி வடித்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு படுத்தாள். காலையில் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்து தம்பி காபி போடுவதை மேற்பார்வை பார்த்தாள். அவர் பொடியைக் கொட்ட எழுந்தபோது பெரிய சத்தம் போட்டாள். நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

"அடப்பாவி, பொடியையாடா கொட்டுற? ரெண்டாந் தண்ணி ஊத்தாம?"

"ரெண்டாந் தண்ணின்னா என்னக்கா?"

"சரியாப் போச்சு! முதலெறக்கம் உனக்கு. அடுத்தது அவளுக்கு. நோவுல கெடந்த ஒடம்புக்கு அதுவே சாஸ்தி. இத்தன வருஷமா உன் பொண்டாட்டி எதைக் குடிச்சான்னு நெனச்ச?"

பிச்சமுத்து அதை யோசிக்கிற ஆள் என்றால் இந்தக் கதையே வேண்டாமே. புதையல் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டார். முதலில் இறங்கினது முழுவதையும் தன் டம்ளரில் விட்டுக்கொண்டு, உடனே வெந்நீரை ஊற்றி, இறங்கின பழுப்புத் தண்ணீரில் பாலை விட்டு, ஆற்றி, வள்ளிக்கண்ணுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அவள் ஒரு வாய் குடித்தாள். டம்ளரைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?"

"அக்காதான். நீ எப்பவும் இதைத்தான் குடிப்பியாமே! மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல வள்ளி. இத்தன நாளா நல்ல டிகாஷன் வீணாப் போச்சு."

"வீணாவா போச்சு?" என்றாள் வள்ளிக்கண்ணு.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மிச்சமிருந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையை விலக்கினாள். அடுப்படிக்குப் போய், "அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு இருசம்மாள் பூசணிக்காயையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

கையிலிருந்த டம்ளரைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பில்டரைக் கழுவிப் புதுப் பொடி போட்டு, வெந்நீரை ஊற்றி மூடினாள். அது இறங்குகிற நேரத்தில் அடுப்பைச் சுற்றிப் பிச்சமுத்து ஒரு மாசமாகச் சேர்த்து வைத்திருந்த கரியையும் பிசுக்கையும் துடைத்தாள். நடுவில் மூச்சு வாங்கியது. நின்று, வாங்கிக்கொண்டு, மறுபடி துடைத்தாள். டிகாஷன் இறங்கியதும் அத்தனையையும் ஒரே டம்ளரில் விட்டுப் பாலை ஊற்றினாள். பிச்சமுத்து சாப்பிட உட்காரும் பலகையைக் காலால் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கடைசிச் சொட்டு வரைக்கும் நிதானமாகக் குடித்தாள். அதற்கு அப்புறம்தான் எழுந்து, அதே பொடியில் இரண்டாவது வெந்நீரை ஊற்றினாள்.

அது பிச்சமுத்துவின் கைக்குப் போயிற்று. குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன வள்ளி, காபி தண்ணியா இருக்கு?"

"இருபது வருஷமா அப்படித்தாங்க இருக்கு" என்றாள்.

இருசம்மாள் தன் பங்குக்கென்று எடுத்து வைத்திருந்த காலி டம்ளரை நீட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கடைசியில் மெல்ல, "எனக்கும் நாளைக்கு அந்தக் கெட்டியில ஒரு வாய் ஊத்துடி. அறுவது வயசாகப் போவுது, என்ன ருசின்னு பாத்துடறேன்" என்றாள்.

மறுநாள் விடியும் முன்னே வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. கோலம் சின்னதுதான், கோணலாகக்கூட இருந்தது. ஒரு வாரத்தில் குடமும் வம்பும் கிணற்றடிக்குத் திரும்பி வந்தன. அந்த வீட்டில் அன்றிலிருந்து இரண்டு இறக்கத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு டம்ளரில் சமமாக விடுவதுதான் வழக்கம். காலையில் அதைப் பிச்சமுத்து போட வேண்டும், சாயங்காலம் அவள் போடுவாள். சமயபுரத்து மாவிளக்குக்கும், வேண்டிக்கொண்டவரேதான் உலக்கையைப் பிடித்தார். டானிக்கில்தான் மனைவி எழுந்தாள் என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டில் இவர் அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "காபி கொண்டா" என்றார். முதல் டிகாஷனைக் கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பத்து வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத்தான் டைபாய்டு வரவில்லையே.