ஒரு வரி மட்டும் தெரியும் அட்டை

என் அலுவலக மேசையின் இழுப்பறையில் ஒரு துண்டு அட்டை கிடக்கிறது. உள்ளங்கை நீளம் இருக்கும். நடுவில் பிளேடால் ஒரு சன்னல் வெட்டியிருக்கிறது. புத்தகத்தின் மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். மேலே இருப்பதும் கீழே இருப்பதும் மறைந்துவிடும். டீத்தூள் பெட்டியைக் கிழித்துச் செய்தது. பின்பக்கம் சிவப்பு மையில் இரண்டு வரி மலையாள எழுத்து இருக்கிறது. மேசையைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. இத்தனைக்கும் அது என்னுடையதும் இல்லை.

போடியில் நான் படித்த கல்லூரியில், முதல் ஆண்டு சேர்ந்தவர்களை ஒவ்வொருவராக எழுப்பி ஒரு பக்கம் வாசித்து, வாசித்ததைச் சொல்லச் சொன்னார்கள். வாசிக்கத் திணறியவர்களையும் வாசித்ததைச் சொல்லத் தெரியாதவர்களையும் தனியாகப் பிரித்து, தினமும் காலை முதல் மணிக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய அறையில் உட்கார வைத்தார்கள். வாசிப்புப் பயிற்சி வகுப்பு என்று அதற்குப் பெயர். மற்ற மாணவர்கள் ‘ஒண்ணாப்பு’ என்றார்கள். பன்னிரண்டாம் வகுப்பு தேறிய பிறகு ஒரு பக்கம் வாசிக்கத் தெரியாதா என்று கேட்பவர்கள், கைடை உருப்போட்டுத் தேறியவர்களைப் பார்த்ததில்லை. நான் அந்த வித்தையில் கெட்டிக்காரி. மளமளவென்று வாசிப்பேன், முடித்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் முழிப்பேன். எங்கள் ஊர் சிலமலையில் அப்பாவோ, மகளுக்குக் காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள் என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பாவம், கெடுப்பானேன் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

அந்த அறையில் என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்தான் அக்கா. எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் எல்லாருக்கும் அக்கா. மலைமேல் ஏலத்தோட்டத்து லயத்தில் பிறந்தவள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் அந்த ஓட்டு வீடுகளில் இருப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள்தான். ஆனால் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் மலையாளப் பள்ளிக்கூடம். அங்கேயே பன்னிரண்டாவது முடித்து, பிறகு சில வருடம் ஏலக்காய் எடுக்கப் போனாள். அப்பா இல்லை. அம்மா தோட்டத்தில் பேர் பதிந்த வேலைக்காரி. மூட்டுவலியால் செடியடியில் உட்கார்ந்து எழ முடியாத நிலைக்கு வந்திருந்தாள். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டத்தில் இருந்தால்தான் லயத்து வீடு. அம்மா நின்றால் மகள் பேரைப் பதிய வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அக்கா அம்மாவிடம் கெஞ்சி ஒரு பருவம் வாங்கியிருந்தாள். இந்த வகுப்பில் தேறி இரண்டாம் பருவத்துக்குப் போனால் எப்படியாவது சமாளித்துக்கொள்வது, தேறாவிட்டால் மலையேறிவிடுவது என்று பேச்சு. போடியில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தாள். எங்களைப் பிரித்த அந்த முதல் சோதனையில், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி வாசிக்காமலே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வாசிப்பு வகுப்பு நடத்திய மேடம் ஆளுக்கொரு அட்டையை வெட்டிக்கொண்டுவரச் சொல்லியிருந்தார். கண் அலைபாயாமல் இருக்க அது. மறுநாள் வாசிக்க வேண்டிய பாடத்தை முந்தின நாளே தருவார். மாலையில் பஸ் ஸ்டாண்டில், சிலமலை வழியாகத் தேவாரம் போகும் பஸ்சுக்கு நான் காத்திருக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து உட்காருவாள். “ஏ புள்ள, நீ வாசி, நான் கேக்குறேன். தலை வலிக்குது” என்பாள். நான் வாசிப்பேன். இரண்டாம் முறை வாசிக்கும்போது அவள் உதடும் கூடவே அசையும். ஏலச் செடியில் காய் அடியில்தான் பிடிக்கும். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து பழுத்ததைப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். கண்ணும் கையும் காயில் இருக்க, வாய் சும்மா இருக்காது. ஒருத்தி கதை சொல்ல மற்றவர்கள் கேட்டுக்கொண்டே நகர்வார்கள். அப்படிக் கேட்டதை அட்சரம் பிசகாமல் மறுநாள் இன்னொரு வரிசையில் சொல்வதுதான் அக்காவின் பேர்பெற்ற வேலை. காது அவ்வளவு பழகியிருந்தது. அதனால் காலையில் வகுப்பில் எழுந்து கணீரென்று ஒப்பிப்பாள். எங்கள் எல்லாரையும்விட அவள்தான் நன்றாக வாசிப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் மேடம் பெஞ்சுகளுக்கு இடையில் நடந்துகொண்டே வந்து அவளருகில் நின்றார். அக்கா பாதிப் பாடத்தைத் தாண்டியிருந்தாள். அட்டை முதல் வரியிலேயே இருந்தது. மேடம் அதைப் பார்த்தார். பிறகு, “அட்டையை நகர்த்தும்மா” என்றார், சாதாரணமாகத்தான். அக்கா குனிந்து அட்டையை ஒரு வரி கீழே இழுத்தாள். அந்த வரியைப் பார்த்தாள். பேச்சு நின்றுவிட்டது. பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அழுகிறாள் என்று நினைத்து அருகில் போனேன். கோபத்தில் இருந்தாள். “எனக்குப் படிக்கத் தெரியும்டி. லயத்துல மருந்துச் சீட்டுலேர்ந்து நோட்டீசு வரைக்கும் எல்லாத்துக்கும் நான்தான் படிச்சுச் சொல்றேன். உங்க எழுத்துதான் தெரியல” என்றாள். மறுநாள் ஒரு பழைய மலையாளப் பேப்பரைக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலேயே எழுந்து நின்று கடகடவென்று வாசித்தாள். பையன்கள் கை தட்டினார்கள். “தட்டாதீங்கடா, இது பரீட்சையில வராது” என்று அவர்களை அடக்கிவிட்டு உட்கார்ந்தாள். மேடம் சிரிக்கவில்லை. இனி பாடத்தை முன்கூட்டி யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு பஸ் ஸ்டாண்டு மாலைகள் மாறின. அக்கா கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசிப்பாள். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். “பாத்தா பாத்துட்டுப் போறாக” என்பாள். அதுவரை அவள் பஸ்சுக்குப் பஸ் ஆள்களிடம் கேட்டுத்தான் ஏறியிருக்கிறாள். பலகையில் தேவாரம் என்று அவளே வாசித்த அன்று, போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமல் என்னோடு சிலமலை வரை வந்து இறங்கி, அடுத்த பஸ்சில் திரும்பிப் போனாள்.

கடைசிப் பரீட்சை, பார்க்காத ஒரு பாடத்தை வாசித்து அதைச் சொந்த வார்த்தையில் சொல்வது. அதற்கு முந்தின நாள்தான் மலையிலிருந்து தகவல் வந்தது. தோட்டத்தில் புதிதாகப் பேர் பதிகிறார்கள், அம்மாவால் இனி முடியாது, உடனே வரவும் என்று. பரீட்சை அன்று சித்தப்பா ஜீப்போடு கல்லூரி வாசலில் வந்து நின்றுவிட்டார். அக்காவுக்கு வந்த பாடம் உப்பு விளைவதைப் பற்றியது. அட்டையை வைத்து, வரி வரியாக, சில இடங்களில் எழுத்து எழுத்தாக வாசித்தாள். வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. மேடம், “பாதி வாசிச்சதே போதும்மா, கிளம்பு” என்றார். “இருங்க டீச்சரே, கடைசியில என்ன ஆகுதுன்னு பாக்கணும்ல” என்றாள் அக்கா. முடித்தாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கடல்தண்ணீரைப் பாத்தியில் கட்டுவதையும், அது வெயிலில் வற்றுவதையும், வெள்ளையாகப் பூப்பதையும் காய் எடுக்கும் வரிசையில் சொல்வதுபோலச் சொன்னாள். தேடிக்கொண்டு உள்ளே வந்த சித்தப்பாகூட வாசற்படியில் நின்று, “அப்பறம்?” என்றார். அவள் கடலைப் பார்த்ததே இல்லை.

அவள் தேறிவிட்டாள் என்று மேடம் அங்கேயே சொன்னார். அக்கா தலையாட்டினாள். ஜீப்பில் ஏறும்போது அட்டையை என் கையில் திணித்து, “நீ வச்சுக்க. வாசிக்கையில நீதான் வெரசா ஓடுற” என்றாள். திங்கட்கிழமை வருவாள் என்று பெஞ்சில் இடம் போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. பேரைப் பதிந்துவிட்டாள்.

போன வருடம் வேலையாகப் போடிமெட்டுக்கு மேலே போனபோது விசாரித்து அந்தத் தோட்டத்துக்குப் போனேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. செடிகளுக்குள்ளிருந்து அவள் குரல்தான் முதலில் கேட்டது. உப்பு விளைகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதே பாத்தி, அதே வெயில். இன்னும் கடலைப் பார்க்கவில்லையாம். நான் பார்த்துவிட்டேன், பஸ்சில் தூத்துக்குடிப் பக்கம் உப்பளங்களைத் தாண்டிப் போயிருக்கிறேன், கையில் போனை வைத்துக்கொண்டு. அந்தக் கதையைக் கேட்ட பெண்கள் கொடுத்து வைத்தவர்கள், அவள் படிப்பு வீண்போகவில்லை என்றெல்லாம் எழுதி முடித்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் இரண்டாம் பருவம் படித்திருக்க வேண்டும்.

இப்போது என் வேலையே காகிதம் வாசிப்பதுதான். கண் ஓடி, பக்கம் முடிந்து, ஒன்றும் ஏறவில்லை என்று தெரிந்தால் இழுப்பறையைத் திறப்பேன். அட்டையை முதல் வரியில் வைப்பேன். அதற்கு முன் ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது வழக்கம். ஒரே பருவத்தில் அவள் என் எழுத்தைக் கற்றுக்கொண்டாள். அந்தச் சிவப்பு எழுத்து என்ன சொல்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.