மீன் என்று படிக்கப்பட்ட கார்

இங்கிலாந்தின் கடலோர ஊரான ஸ்கார்பரோவில் ஐரிஸ் கார்பட்டை எதிரில் கண்டால் சிரிக்கிறவர்கள் குறைவு. பதினான்கு வருடமாக அவள் போக்குவரத்து வார்டன்; வேலை, வண்டி நிறுத்தக்கூடாத இரட்டை மஞ்சள் கோட்டில் நிற்கும் கார்களின் கண்ணாடியில் அபராதச் சீட்டைச் செருகுவது. அவள் மேல் காறித் துப்பியவர்கள் உண்டு. தேங்கிய மழைநீரில் வேண்டுமென்றே சக்கரத்தை விட்டு அவளை இடுப்புவரை நனைத்தவர்களும் உண்டு. ஐரிஸும் இளகிய மனசுக்காரி இல்லை. "ரெண்டு நிமிஷந்தான் போனேன்" என்று மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களிடம், "அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான் சீட்டு" என்பாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே வேடிக்கை நம்பர் பிளேட்டுகள். பிடித்த எழுத்தையும் எண்ணையும் விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்கிறவர்களின் கார் கண்ணில் பட்டால், நாள், நேரம், இடம் எல்லாம் போட்டு ஒரு சிவப்பு நோட்டில் எழுதிவிடுவாள். பக்கத்தில் தன் கருத்தையும் சேர்ப்பாள். பல் வைத்தியரின் காரில் PU11 OUT. ஒன்றுகளை எல் என்று எடுத்துக்கொண்டால் 'பிடுங்கு' என்று பொருள். 'பல் வலித்தால் ஊர் மாறிப் போகவும்' என்று குறித்திருந்தாள். ஈமச்சடங்கு நடத்தித் தருகிறவரின் மகன் D1 GUP என்று மாட்டியிருந்தான். 'தோண்டி எடு' என்று படிக்கலாம். அதற்கு அவள் எழுதியது: 'அப்பன் புதைக்க, மகன் தோண்ட.'

கடற்கரையில் மூன்று மீன் வறுவல் கடை வைத்திருந்த ராய்ஸ்டன் கிரிம்ஷாவின் பெரிய கறுப்பு வண்டி F15 HES. ஒன்று ஐ, ஐந்து எஸ்; 'ஃபிஷஸ்', மீன்கள். முதல் தடவை பார்த்தபோது ஐரிஸ் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை. சக்கர நாற்காலிகள் மணலுக்கு இறங்கும் சரிவுப் பாதையை அடைத்துத்தான் அவன் தினமும் வண்டியை நிறுத்துவான். எத்தனை சீட்டு எழுதினாலும் கட்டிவிட்டு மறுநாளும் அங்கேயே நிறுத்துவான். நோட்டில் அவனுக்குப் பதினேழு வரிகள். கடைசி வரிகளுக்கு எதிரில் 'நாற்றம்' என்ற ஒரே சொல்.

அவனும் சும்மா இருக்கவில்லை. 'வார்டன்களுக்கு இங்கே வறுவல் கிடையாது' என்று கடையில் பலகை மாட்டினான். நோட்டும் கையுமாகத் தன்னைப் பின்தொடர்கிறாள் என்று மேலதிகாரிக்குப் புகார் எழுதினான். நோட்டை வீட்டோடு வைத்துக்கொள் என்று அவர் கண்டித்தார். ஐரிஸ் அதைக் கோட்டின் உள்பைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்த பிற்பகல். கடற்கரையில் ஈ காக்கை இல்லை. சரிவுப் பாதையில் வழக்கம்போல அந்த வண்டி. ஐரிஸ் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்தாள்: நாலு பத்து. கடைக்குள்ளிருந்து வந்த ராய்ஸ்டன் நோட்டை வெடுக்கென்று பிடுங்கித் தன் பக்கத்தைத் தேடிப் பிடித்துப் படித்தான்.

"நாத்தமா? உன் பொழப்புதான் நாறுது, கண்ணு" என்றான். எண்ணெய்க் காகிதங்கள் நிறைந்த குப்பைத் தொட்டியில் நோட்டை எறிந்துவிட்டு, அவள் சீட்டு எழுதுமுன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஐரிஸ் முழங்கைவரை கையை விட்டுத் துழாவி நோட்டை எடுத்தாள்.

அதே நேரத்தில், ஊரின் வடகோடியில், சைக்கிளில் போன வின்னி ஹார்ப்பர் என்ற எழுபத்திரண்டு வயதுக்காரியை ஒரு பெரிய கறுப்பு வண்டி இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனது. வின்னிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருத்தி நம்பரை அரைகுறையாகப் பார்த்திருந்தாள். மீன் என்று படிக்கிற மாதிரி ஏதோ என்றாள். அது போதுமானதாக இருந்தது. விடிவதற்குள் ராய்ஸ்டனின் கடைக் கதவில் 'கொலைகாரன்' என்று யாரோ பெயின்டால் எழுதிவிட்டார்கள். ஊரே உள்ளூர மகிழ்ந்தது. தொலைந்தான் உன் எதிரி என்று சக வார்டன்கள் ஐரிஸின் முதுகில் தட்டினார்கள்.

காலையில் கான்ஸ்டபிள் லாங்டேல் அவளைத் தேடி வந்தான். நாலு பத்துக்குக் கடற்கரையில் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்ததாக ராய்ஸ்டன் சொல்கிறானே, உண்மையா என்று கேட்டான். குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், பிறகு வருகிறேன் என்றாள் ஐரிஸ். நோட்டு அவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை டீ குடித்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிளேட்டை விலைக்கு வாங்கி மாட்டியவன் அதனாலேயே மாட்டட்டும். அந்த நினைப்பு டீயைவிட இனித்தது. அவன் பக்கத்தை மறுபடி படித்துப் பார்க்கலாமென்று நோட்டைத் திறந்தாள். எண்ணெய்க் கறையில் ஒட்டியிருந்த தாள்களைப் பிரித்தபோது, போன ஆகஸ்டில் எழுதிய ஒரு வரி கண்ணில் பட்டது. வடகோடி ஹோட்டல் வாசலில், F15 HER. 'ஃபிஷர், மீனவனாம். விரலில் வைரம்.' அதுவும் பெரிய கறுப்பு வண்டி.

கோப்பையில் மிச்சமிருந்த டீ ஆறிப்போயிற்று. தான் வாயை மூடிக்கொண்டால், வின்னியைச் சாலையில் போட்டுவிட்டுப் போனவன் எங்கோ காலை நீட்டித் தூங்குவான். மதியம் இரண்டு மணிக்குக் காவல் நிலையத்துக்குப் போனாள்.

"நாலு பத்துக்கு அவன் என்னைத் திட்டிக்கிட்டிருந்தான். அவன் நல்லவன்னு சொல்ல வரலை. அங்க இருந்தான்னு மட்டும் சொல்ல வந்தேன்" என்று நோட்டை மேசையில் வைத்து, அந்த ஆகஸ்ட் வரியையும் விரலால் காட்டினாள்.

அன்று மாலையே லீட்ஸ் நகரத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில், முன்விளக்கு உடைந்த F15 HER வண்டியைப் போலீஸ் கண்டுபிடித்தது.

மறுநாள் ராய்ஸ்டன் அவளை நடுத்தெருவில் மறித்தான்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாம். அரை நாள் என்னை ஸ்டேஷன்ல உக்கார வச்சுட்ட."

"ஆமா."

"வேணும்னேதானே?"

"வேணும்னேதான்."

"நன்றியெல்லாம் எதிர்பார்க்காதே."

"உன் நன்றிய வாங்கி எங்க வைக்கிறது? கோட்டெல்லாம் எண்ணெயாயிடும்."

ஊரில் பலருக்கு அவள் மேல்தான் கோபம். கையில் சிக்கியவனை விட்டுவிட்டாளே என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐரிஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வின்னி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த மீன்காரன் மேல் இன்னும் கோபம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"முன்னைவிட ஜாஸ்தி" என்றாள் ஐரிஸ். "அந்த நாய் தனக்காக என்னையே நியாயம் பேச வச்சுட்டானே."

வின்னி கட்டில் குலுங்கச் சிரித்தாள். உடனே முகம் சுளித்து, "பாவி, சிரிக்க வைக்காதே, இடுப்பு விண்ணுவிண்ணுன்னு வலிக்குது" என்றாள்.