முனியசாமி மகளுக்கு வந்த சர்க்கரை

சொந்த உபயோகத்துக்காக வெளிநாட்டிலிருந்து சிறிய அளவில் வரும் மருந்தை, டாக்டர் சீட்டு இருந்தால் அனுமதிக்கலாம். இது விதி. அரசாங்க சர்வீஸில் இருந்த காலம் முழுக்க அடுத்தவர்களுக்கு நான் எடுத்துச் சொன்ன விதி.

சுலபமான விதிதான். ஆனால் மருந்து என்பது எது? அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் போடுகிறவர் முனியசாமி. மனு எழுத என்னைத் தேடி ராமநாதபுரம் வருகிறவர்களில் ஒருவர். புரட்டாசியில் மகள் கார்த்திகாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஐந்து வயது; பார்த்தால் மூன்று என்பீர்கள். பேச்சும் சரியாக வரவில்லை. காலில் சீமைக்கருவேல முள் ஏறிய இடம் சிவந்து கன்றிக் கிடந்தது.

“சீழே வைக்கலைங்கய்யா. நல்ல ரத்தம், அதான் புண்ணு சுத்தமா இருக்குன்னு ஊர்ல சொல்றாக.”

“காய்ச்சல்?”

“அது மட்டும் விட மாட்டேங்குது.”

மதுரைக்கு அனுப்பினேன். சீழ் வைக்காததுதான் வியாதி என்று அங்கே ஒரு டாக்டரம்மா கண்டுபிடித்தார்.

வெள்ளணுக்கள் தங்கள் மேல் சர்க்கரைச் சங்கிலிகளைச் சுமந்து திரிகின்றனவாம். கிருமி புகுந்த இடத்தில் ரத்தக்குழாயின் சுவர் அந்தச் சங்கிலியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். அணு நிற்கும், வெளியே இறங்கிச் சண்டை போடும். அந்தச் சண்டையின் மிச்சம்தான் சீழ். கார்த்திகாவின் சங்கிலியில் ஒரு வகைச் சர்க்கரை இல்லை.

பஸ் நிறைய போலீஸ்... திருட்டு நடக்கிற ஸ்டாப்பில் மட்டும் பஸ் நிற்காது!

“சொந்தத்துல கல்யாணமா?” என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார்.

“அக்கா மகளைத்தான் கட்டுனேன். முறைதானுங்களே?” என்றாராம் முனியசாமி.

என்னிடம் டாக்டரம்மா போனில் சொன்னார்: “இல்லாத அந்தச் சர்க்கரையை வாய்வழியா கொடுத்தா சில பிள்ளைங்களுக்குக் கேக்குது சார். கட்டாயம் கேக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா வேற வழி இல்ல.”

வெளிநாட்டு டாக்டர் ஒருவருக்கு எழுதினார். காசு வாங்காமல் ஒரு பாட்டில் அனுப்பினார்கள். வெள்ளைப் பொடி. நாணயமானவர்கள்; பார்சலின் மேல் ‘சர்க்கரை’ என்றே எழுதிவிட்டார்கள்.

பார்சல் நின்றது. எந்த அலுவலகத்தில் என்று சொல்ல மாட்டேன். எந்த அலுவலகமாக இருந்தால் என்ன?

“சார், இது மருந்துப் பட்டியல்ல இல்லையே?” என்றார் போனில் அதிகாரி.

“டாக்டர் சீட்டு இணைச்சிருக்கேன்.”

“சர்க்கரைக்கு எதுக்கு சார் சீட்டு? உங்க ஊர் ரேஷன்ல போடலையா?”

சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. டீ குடித்த நேரம் போலிருக்கிறது.

உணவுப் பொருள் என்றால் பரிசோதனைச் சான்று வேண்டுமாம். விதியை மேற்கோள் காட்டி மனு போட்டேன். நினைவூட்டல் போட்டேன். மேலதிகாரிக்கு நகல் போட்டேன். மனு எல்லா மேஜைக்கும் போனது, எதிலும் நிற்கவில்லை. கார்த்திகாவின் வெள்ளணு மாதிரியே.

ஐப்பசி மழையில் முனியசாமி நனைந்தபடி வந்தார். “பிள்ளைக்கு இப்ப மூச்சு இழுக்குதுங்கய்யா. நான் வேணா அங்கன போயி கால்ல விழுந்து பாக்கட்டா?”

“வேண்டாம்ப்பா. நமக்கு விதி இருக்கு” என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மார்கழிப் பனியில் நுரையீரல் முழுக்கக் கெட்டது. மதுரை ஆஸ்பத்திரியிலேயே கார்த்திகா போய்விட்டாள். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? “கடைசி வரைக்கும் அந்தப் புள்ளைக்கு ஒரு சொட்டு சீழ் வரலையே!”

பிறகு பதில் வந்தது. ‘சொந்த உபயோகத்துக்கான மருந்தாகக் கருதி, பார்சலை விடுவிக்க உத்தரவிடப்படுகிறது.’ அழகான வாசகம். நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல்லை மாற்றியிருக்க மாட்டேன். உறையின் மேல் சிவப்பு மையில் ‘அவசரம்’.

முனியசாமியிடம் கொடுக்க முடியவில்லை. மகளை நினைத்துக் கடலில் மூழ்கி எழ, பெண்சாதியோடு ராமேஸ்வரம் போயிருந்தார்.

கிடைத்த தேதி: தை அமாவாசை.