பீஸ் கட்டையைக் கழற்றிய கை

கூட்டாக நடத்திய தையல் கடையிலிருந்து தோழி வாடிக்கைக்காரர்களை எல்லாம் இழுத்துக்கொண்டு தனியே போனாள். அன்றிலிருந்து டெய்லர் அக்கா யாரையும் முழுசாக நம்பியதில்லை. வீட்டு முன்னறையிலேயே மோட்டார் மிஷினைப் போட்டுத் தைத்தாள். அளவு கொடுக்க வந்தவர்கள் கத்தரியைத் தொட்டால்கூட முறைப்பாள்.

மாடியில் ஒரு பஸ் கண்டக்டர், தன் அம்மாவோடு இருந்தார். மிஷின் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று ஒரு தடவை சொல்லப்போக, பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் டெய்லர் அக்கா வீட்டில் அடிக்கடி பீஸ் போய்க் கரண்ட் நிற்க ஆரம்பித்தது.

இரண்டு வீட்டு பீஸ் கட்டைகளும் மாடிப்படிக்கு அடியில், ஒரே பழைய மரப்பலகையில் இருந்தன. மூடி கிடையாது, யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். அவள் தம்பி வந்து கட்டையில் புதுக் கம்பி கட்டிவிட்டுப் போனால் கொஞ்ச நாள் ஓடும். அவள் தைத்த துணியைக் கொடுக்க வெளியே போய்வந்தால், அன்றைக்கே மறுபடியும் பீஸ் போகும்.

“மேல இருக்கிற ஆளு வேலைதான்டா. என்னைக் காலி பண்ண வைக்கப் பார்க்கிறான்.”

“சும்மா இருக்கா. அவர் பாவம்” என்றான் தம்பி. இவனும் அந்த ஆளுக்கு உடந்தையோ என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு நாள் காலையில் கதவைச் சத்தமாகச் சாத்திவிட்டுத் தெருமுனை வரை போனாள். சத்தம் கேட்காதபடி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கண்டக்டர் மெயினை அணைத்துவிட்டு, அவள் வீட்டுப் பீஸ் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“இப்ப என்ன சொல்றீங்க?”

அவர் பதறவில்லை. கட்டையை நீட்டினார். அதில் முறுக்கிய தடித்த செம்புக் கம்பி.

“இதைக் கட்டினது யாரும்மா?”

“என் தம்பி.”

“இவ்வளவு தடியாப் போட்டா பீஸ் போகாது, சுவத்துல இருக்கிற ஒயர்தான் எரியும். பலகையைப் பாருங்க.”

பலகையின் ஓரம் கருகியிருந்தது. இத்தனை நாளாக அந்தத் தீய்ந்த வாசனை தன் இஸ்திரிப் பெட்டியினுடையது என்றே அவள் நினைத்திருந்தாள்.

“நீங்க வெளியே போறப்பல்லாம் நான்தான் இதை எடுத்துட்டு மெல்லிசு கம்பி போடறேன். அம்மா படுத்த படுக்கை. தீப்பிடிச்சா தூக்கிட்டு இறங்க இந்த ஒரு படிதான்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா?”

“அப்ப பீஸ் எதனால போகுது? காட்டுங்க.”

சரியான கம்பியைக் கட்டிவிட்டு, வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டார்கள். விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது, மிஷினும் ஓடியது. இஸ்திரிப் பெட்டியும் பேசாமல்தான் சூடாகியது. அப்போதும் அவள் அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள். ஆனால் பெட்டியை எடுத்துத் துணிமேல் தேய்த்ததும் பட்டென்று ஃபேன் நின்றது. கைப்பிடி அருகே ஒயர் வளையும் இடத்தில் உறை விண்டு, கம்பியும் கம்பியும் உரசிக்கொண்டிருந்தன.

அன்றைக்குத் தம்பியைப் போனில் வறுத்தெடுத்தாள். இஸ்திரிப் பெட்டிக்குப் புது ஒயர் வந்தது. எலக்ட்ரீஷியன் கருகிய பலகையை எடுத்துவிட்டு, பூட்டோடு ஓர் இரும்புப் பெட்டி வைத்தார். ஒரு சாவியைக் கண்டக்டரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். இன்னொன்றைத் தானே வைத்துக்கொண்டாள். தம்பி சாவியைக் கேட்டும் தரவில்லை.