பசுபதி கிராணி வைத்த மை

"பசுபதி கிராணி ஆபீசருக்கு மை வச்சிட்டாராம்லா" என்று லோரி டிரைவர் ஒருவன் சொன்னதை, ரிங்லெட் சந்தையில் முள்ளங்கி வாங்கப் போன ஒருத்தி கேட்டாள். அவள் குழாயடியில் நாலு பேரிடம் சொல்ல, அது தங்கம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தபோது மையோடு ஒரு மந்திரவாதியும் சேர்ந்திருந்தான். வசிய மையை நெஞ்சில் அப்பிக்கொண்டு, குடியுரிமை கேட்டுத் தானா ராத்தா ஆபீசுக்குப் போனாராம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி. அறை முழுக்க ஒரு வாசனையாம். ஆபீசர் வாயடைத்துப் போய்விட்டாராம்.

எஸ்டேட் ஆபீசைக் கூட்டிப் பெருக்கித் தேநீர் போடுகிறவள் தங்கம்மா. கேட்டதை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது. காலையில் கோப்பையைப் பசுபதியின் மேசையில் வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"ஏன் அங்க போயி நிக்கிற?" என்றார் பசுபதி.

"எதுக்கும் இருக்கட்டும்யா. எனக்கும் வச்சிட்டீங்கன்னா அப்புறம் சம்பளம் வாங்காம வேலை செய்வேன்."

பசுபதிக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கம்போல் மைப் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முள்ளை மூன்று தரம் துடைப்பார், மூடியைத் திருகுவார், காதருகே வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு ஒற்றுத்தாள். பஸ்ஸில் ஏறுமுன் பிரேக் பிடிக்கிறதா என்று டிரைவரைக் கேட்டுவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். டெலிபோன் அடித்தால் முதல் மணிக்குத் தொண்டையைச் செருமி, இரண்டாம் மணிக்கு எடுத்து, "எஸ்டேட் ஆபீஸ், கிராணி பேசுறேன்" என்பார். பத்தொன்பது வருஷமாக அந்த ஆபீஸ் மூன்றாவது மணியைக் கேட்டதில்லை.

அவருடைய சின்னப் பயங்களுக்கெல்லாம் தாயாக ஒரு பயம் உண்டு. அது சிவப்பாக, மடித்து, அவர் பர்சுக்குள் இருந்தது. ஒன்பது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். மனைவி குணவதிக்கும் இரண்டு பெண்களுக்கும் குடிமக்களுக்குரிய நீல அடையாளக் கார்டு. அவருக்கு மட்டும் சிவப்பு. சிவப்புக் கார்டுக்காரர் வேலை பார்க்கப் பெர்மிட் வேண்டும். அது மார்ச் மாதத்தோடு முடிகிறது. குடியுரிமை கிடைக்காவிட்டால் கப்பல்தான். "அங்க இறங்கி யார் வீட்டுக் கதவத் தட்டுறது?" என்று குணவதியைக் கேட்பார். அவள் அரிசி களைந்துகொண்டிருப்பாள்.

தானா ராத்தா ஆபீசில் நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது: வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணி. கையெழுத்து பழைய விண்ணப்பப் பாரத்தில் இருப்பதுபோலவே விழவேண்டுமே என்ற கவலை பிடித்துக்கொண்டது. பழைய பாரத்தில் போட்டது இதே பேனா. முள் கொஞ்சம் கீறியது. "பால் பேனால போட்டா ஆளே வேறன்னு சொல்லிருவானுங்க" என்று அந்த வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மலையடிவாரத் தாப்பாவுக்குப் பஸ்ஸில் இறங்கிப் போய், எழுதுபொருள் கடையில் முள்ளை மாற்றினார். கடைக்காரர் மை நிரப்பப் போனபோது தடுத்து, "பாதி போதும், நெறைய ஊத்துனா கக்கும்" என்றார்.

பஸ் நிலையத்தில் ஒரு மலாய்க் கிழவர் பெட்டி நிறையச் சின்னச் சின்னக் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தார். பசுபதிக்கு இல்லை என்று சொல்ல வராது. கிழவர் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, காட்டு அகிலில் இறக்கிய எண்ணெயை ஒரு சொட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்க்கச் சொன்னார். முதலில் ஆட்டுக்கொட்டில் நாற்றம் அடித்தது. அப்புறம் நனைந்த மரம். பஸ் வளைந்து வளைந்து மலையேற, உடம்புச் சூட்டில் அது புகையாகி, சாம்பிராணியாகிவிட, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

ரிங்லெட்டைத் தாண்டியபோது நெஞ்சில் ஈரம் பட்டது. குனிந்து பார்த்தார். பையிலிருந்து நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றுத்தாள் ஊறி உப்பி, மேற்கொண்டு குடிக்க மாட்டேன் என்றது. துடைத்த கைக்குட்டை நீலம்; துடைத்த விரல்கள் நீலம். ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு ஆபீசரின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பேனா எழுதவில்லை. உதறினார். மிச்சம் இருந்த ஒரே சொட்டு, அவருடைய பெயரின் மேல் விழுந்தது. ஆபீசர் வேறு பாரமும் ஒரு பால் பேனாவும் தள்ளினார். அதில் கையெழுத்து வேறொருவன் போட்டதுபோல் வந்தது. ஆபீசர் மூக்கை உறிஞ்சினார். நீல விரல்களைக் காட்டி, "இனி அப்பா?" என்றார் மலாயில், இது என்ன என்று.

மைக்கு மலாயில் டக்வாட். பசுபதி எத்தனையோ பட்டியலில் எழுதிய சொல். அந்த நேரம் பார்த்து நாக்கு 'மை' என்று புறப்பட்டது. ஐயோ, தமிழ் வரக்கூடாதே என்று பாதி வழியில் மலாய்ப் பக்கம் திரும்பி, "மினியாக், துவான்" என்று போய் விழுந்தது.

மினியாக் என்றால் எண்ணெய். காரியம் சாதிக்க மந்திரித்த எண்ணெயைத் தடவிக்கொண்டு பெரிய மனிதர்களைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டென்பது அந்த மலையில் யாருக்கும் தெரியும். அறையிலோ அகில் மணந்துகொண்டிருந்தது. ஆபீசர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பைலை மூடினார். "நாந்தி சாயா தெலெபோன்" என்றார். அப்புறம் போன் செய்கிறேன், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இது ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. நேற்று எஸ்டேட் பள்ளி ஆசிரியர் ராதாகிருஷ்ணன் வந்து இன்னொரு இடியை இறக்கிவிட்டுப் போனார். "முழுசா ஊத்தியிருந்தா கக்கியிருக்காது சார். பாதிப் பேனால இருக்கிற காத்து, மேல ஏற ஏற வீங்கி மையத் தள்ளிரும். நீங்க பயந்ததுதான் தப்பாப் போச்சு." பசுபதி இரவெல்லாம் அந்தப் பாதி மையை நினைத்துக்கொண்டு கிடந்தார்.

"நீல கார்டு கேட்டீங்க, ஆண்டவன் நீல சட்டை குடுத்துட்டான். விடுங்கய்யா, கெடைச்சிரும்" என்றாள் தங்கம்மா. கேலிதான் என்றாலும் இரண்டடியில் ஓரடியைக் குறைத்துக்கொண்டு வந்திருந்தாள். "இன்னமும் அந்த வாசன வருதே. குளிக்கலியா?"

"மஞ்சத் தேய்ச்சேன், சீயக்கா தேய்ச்சேன், மண்ணெண்ணெய் கூடத் தேய்ச்சேன். போக மாட்டேங்குது." மணிக்கட்டு சிவந்து தோல் உரிந்திருந்தது. "தங்கம்மா, லைன் வீடுகள்ல பேசிக்கிறது தானா ராத்தாவுக்கும் போயிருக்குமோ?"

"லோரிதான் தெனமும் போகுதே" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டெலிபோன் அடித்தது.

பசுபதி தொண்டையைச் செருமினார். இரண்டாம் மணி அடித்தது. கை பாதி தூரம் போய் நின்றது. உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் இன்னும் நீலம் இருந்தது.

மூன்றாவது மணி.

"எடுங்கய்யா" என்றாள் தங்கம்மா, குரலைத் தாழ்த்தி. "உரத்துக்காரனா இருக்கும்."

நாலாவது மணிக்குப் பசுபதி சட்டைக் கையை இழுத்துப் பொத்தான் போட்டார். அப்படியும் மனம் கேளாமல், வாசனை கம்பி வழியாகப் போய்விடும் என்பதுபோல, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பொத்திக்கொண்டார். இரண்டு கையும் வேலையாக இருக்க, மணி அடித்துக்கொண்டே இருந்தது.