தமிழ்மொழி டீச்சரும் ‘புட் அப் வித்’தும்

பெயர் தமிழ்மொழி, சோறு போடுவது இங்கிலீஷ். இதைச் சொல்லி அவளைக் கேலி செய்யாத ஆள் மந்தைவெளியில் கிடையாது. அப்பா முருகையன் மேடை மேடையாகத் தமிழுக்காகத் தொண்டை கிழியப் பேசியவர். மகள் பிறந்ததும் இந்தப் பெயரை வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த மகள் நாற்பது வயதுக்கு மேல் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை மொட்டைமாடியில் நின்று, “ஸ்பீக் அவுட், லேடீஸ்!” என்று கத்திக்கொண்டிருக்கிறாள். என்ன செய்ய? பெயரைத் தட்டில் போட்டுப் பிசைந்து சாப்பிட முடியுமா?

அதற்கு முன்னால் அவள் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அங்கே வகுப்பறையில் டீச்சருக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பாடம் நடக்காதாம். தாளாளர் கண்டுபிடித்த மகா தத்துவம் அது. அவர் அறையில் மட்டும் சுழல் நாற்காலி. வருஷக்கணக்காக நின்று நின்று முட்டி தேய்ந்த பிறகுதான் வேலையை விட்டாள். விட்டாளே தவிர, ஏன் விடுகிறாள் என்று அங்கே யாரிடமும் சொல்லவில்லை. குடும்பச் சூழல் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

இப்போது இருப்பது இந்த ஒரு வகுப்புதான். இது போதாது. கடை முதலாளி பொன்ராஜ் அண்ணாச்சி வேளச்சேரிக் கிளையிலும் அடையாறு கிளையிலும் வகுப்பு வைக்கச் சொன்னால் பிழைத்தாள். இல்லாவிட்டால் ஜூன் மாதம் மறுபடி அதே பள்ளி, அதே கரும்பலகை, அதே முட்டி. முடிவு செய்ய அண்ணாச்சியே ஒரு நாள் வந்து வகுப்பைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவளுக்குப் பயம் இல்லை. அவள் வகுப்புக்கு ஒருத்தி மட்டம் போட்டது கிடையாது. கடை திறக்கும் முன்னால், தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் சேலைப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் வந்து நிறைந்துவிடுவார்கள். காய்ச்சலோடுகூட வருவார்கள். “பாருங்கப்பா, எவ்வளவு ஆர்வம்!” என்று முருகையனிடம் பீற்றிக்கொள்வாள். “இங்கிலீஷுக்கு இவ்வளவு ஆர்வம்” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அண்ணாச்சி வரப்போகும் நாளுக்கு அவள் எடுத்துக்கொண்ட பாடம் ‘புட் அப் வித்’. ‘புட் அப்’ வரைக்கும் சிக்கலில்லை. சுவரில் நோட்டீஸை மாட்டினாலும் புட் அப். விலையை ஏற்றினாலும் புட் அப். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்பதற்கும் நம் ஊரில் அதுதான். வாலில் ஒரு ‘வித்’ ஒட்டிக்கொண்டால் சங்கதியே வேறாகிவிடும். டாலரேட், பேர், என்டியூர் என்று அகராதி அதற்குப் பங்காளிகளை அடுக்கியிருந்தது. பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தமிழில் யோசித்துப் பார்த்தாள். பொறுப்பது என்றால் என்றைக்காவது முடியும் என்ற நம்பிக்கை உண்டு. சகிப்பதில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. தாங்குவதில் பாரம் தெரியும். இதுவோ, வாயைத் திறக்க வழி இருந்தும் திறக்காமல் காலத்தை ஓட்டுவது. அதற்கு நம் வீடுகளில் புழங்கும் சொல் ஒன்றுதான்: அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்வரிசையோடு கட்டிக் கொடுத்தனுப்புகிறார்களே, அதே சொல்தான்.

அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை, விபூதி. கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, “நீங்க நடத்துங்க டீச்சரம்மா, நான் சும்மா பாக்கேன்” என்றார். அவருக்கு இங்கிலீஷ் வராது. அதை மறைக்கவும் மாட்டார்.

தமிழ்மொழி வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருந்தாள். எந்தச் சொல் படித்தாலும் ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். புத்தகத்து வாக்கியம் கூடாது. அவரவர் பாடு, அதுவும் உண்மையாக இருக்க வேண்டும்.

சரண்யா முதலில் எழுந்தாள். “ஐ புட் அப் வித் ஹாஸ்டல் சாம்பார்.” வகுப்பு சிரித்தது. “மை ஹஸ்பண்ட் புட்ஸ் அப் வித் மீ” என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரிப்பு. மூன்றாவதாக எழுந்தவள் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம். தமிழ்மொழி வயதுதான் அவளுக்கும். பட்டுப் பிரிவில் நெடுநாளாக, காலை முதல் ராத்திரி வரை நிற்பவள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அவள் நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் சொன்னாள்.

“ஐ புட் அப் வித் இங்கிலீஷ் கிளாஸ். பிகாஸ் ஹியர் வி கேன் சிட்.”

 மொட்டைமாடியே அதிரும்படி சிரிப்பு. தமிழ்மொழி சிரிக்கவில்லை. அவள் கண் கடைசி வரிசைக்குப் போனது.

“என்ன சொல்லுதா அவ? எல்லாரும் இந்தச் சிரிப்புச் சிரிக்காவ?” என்றார் அண்ணாச்சி.

வகுப்பு கப்பென்று அடங்கியது. தமிழ்மொழியின் வாய் அவளைக் கேட்காமலே பதில் சொன்னது. “இங்கிலீஷ் கிளாஸ் ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க அண்ணாச்சி.”

“அப்படியா!” அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “இம்புட்டு ஆசையாப் படிக்காவன்னா இன்னும் ஆளச் சேத்துருவோம். இந்த சேரையெல்லாம் எடுத்துட்டா கூட இருவது பேரு நிக்கலாம்லா? நின்னுக்கிட்டுப் படிச்சா தூக்கமும் வராது. வேளச்சேரி, அடையாறு ரெண்டுலயும் இதே மாதிரி ஆரம்பிச்சிருங்க டீச்சரம்மா.”

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் உறுத்தியது. தமிழ்மொழி பேச்சியம்மாளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் இல்லை. சரி, இதுவும் போச்சா என்று ஏற்றுக்கொண்டுவிட்ட முகம். அந்த முகத்தைத் தமிழ்மொழிக்கு நன்றாகத் தெரியும். குடும்பச் சூழல் என்று எழுதிக் கொடுத்த அன்று அவளே போட்டுக்கொண்ட முகம் அது.

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம். நான் மாத்திச் சொல்லிட்டேன்.”

எழுந்துகொண்டிருந்தவர் நின்றார்.

“பிடிச்சிருக்குன்னு அவங்க சொல்லல. இந்த இங்கிலீஷ் கிளாஸைப் பொறுத்துக்கிறாங்களாம். ஏன்னா இங்கதான் உக்கார முடியுது.”

“அப்ப படிக்க வரல?”

“உக்கார வராங்க.” சொல்லும்போதே அவளுக்குச் சுருக்கென்றது. காய்ச்சலோடு வந்தார்களே, அந்த வருகை எல்லாம் அவளுக்காக இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிக்காக. அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

அண்ணாச்சியின் முகம் கறுத்துவிட்டது. “நான் எங்க மாமா கடையில நின்னு நின்னுதான் ஆளானேன். எனக்கு எவன் சேர் போட்டான்? சரி, கேக்கேன். யாருக்கு என்ன கஷ்டம்? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

ஒருத்தியும் தலை நிமிரவில்லை. இங்கிலீஷில் சொன்னால் அது பயிற்சி. தவறினால் டீச்சர் திருத்துவாள், அவ்வளவுதான். தமிழில் சொன்னால் அது புகார். சொன்னவள் பெயர் நிற்கும்.  தமிழ்மொழிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. அடுத்தவர் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் பதறினாள்.

பேச்சியம்மாள் எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“கால் வலிக்கி அண்ணாச்சி.”

 சரண்யா எழுந்து, “எனக்கும்” என்றாள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், “எனக்கும் அண்ணாச்சி.” அப்புறம் யார் யார் சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணாச்சி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு தமிழ்மொழி பக்கம் திரும்பினார்.

“இங்க வகுப்பு நடக்கட்டும். சேரும் கெடக்கட்டும். வேளச்சேரிக்கும் அடையாறுக்கும் நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். ஒரு வார்த்தைய ரெண்டு விதமாச் சொல்லுத ஆளு எனக்குச் சரிப்படாது டீச்சரம்மா.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அவர் படியிறங்கிப் போனார். ஜூன் மாதம் தமிழ்மொழியின் கண்முன் வந்து நின்றது. திரும்பிக் கரும்பலகையை அழிக்க ஆரம்பித்தாள்.

“டீச்சர்” என்றாள் பேச்சியம்மாள். அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.  “இப்ப அண்ணாச்சிகிட்ட சொன்னேம்லா, அத இங்கிலீசுல எப்படிச் சொல்லணும்?”

தமிழ்மொழி திரும்பிப் பார்த்தாள். “மை லெக்ஸ் ஹர்ட்.”

“அம்புட்டுதானா?”

“அவ்வளவுதான்.”

“இந்த மூணு வார்த்தையச் சொல்லவா இத்தன வருசம் ஆச்சு?” என்றாள் பேச்சியம்மாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.