கரைவலை கொடுத்த தோள்

நீங்கள் பொய் சொன்னீர்கள். நீச்சல் சங்கத்தின் விழா மேடையில், "பையன்களின் உடம்பில் வலு ஏற்றி வேகமாக நீந்த வைத்தவன் நான்தான்" என்றீர்கள். எங்கள் பயிற்சியாளர் நீங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வலு ஏற்றுவதைத் தடுத்தவரும் நீங்கள்தான்.

அறுபதுகளின் கடைசி. எனக்குக் காலடிப்பேட்டையில் வீடு, வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடையில் துணி மடிக்கிற வேலை. நீந்தும்போது பாதித் தூரம் நான்தான் முன்னால் போவேன். பிறகு தோள் செத்துவிடும். கை தண்ணீரைத் தள்ளாது, தடவும். கர்லாக்கட்டை சுற்றட்டுமா என்று கேட்டேன். "தசை இறுகிப்போயிடும்டா. கல்லு மாதிரி அடியில போய் உக்காருவே" என்றீர்கள். அடுத்த தேர்வில் தோற்றால் அணியில் இடமில்லை என்றும் சொன்னீர்கள். அந்த அணியை விட்டால் எனக்குத் துணி மடிப்பதைத் தவிர வேறு பெருமை கிடையாது.

ஒருநாள் காலையில் திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்றிருந்தேன். கரைவலை இழுக்க ஆள் போதவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான்:

"யோவ் மாமு, இன்னா சும்மா பாத்துகினு கீறே? வந்து புடிபா!"

பிடித்தேன். கடலுக்குள் கிடக்கும் வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுக்க வேண்டும். மறுநாள் வலித்தது. நீந்தும்போது தோளில் எங்கே செத்துப்போகுமோ, சரியாக அங்கேயே. அது போதும், இந்த இழுப்புதான் அந்த இடத்துக்கு வலு ஏற்றும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. தினமும் கடைக்குப் போகுமுன் கயிற்றைப் பிடித்தேன்.

எனக்கு இழுத்தால் போதும். மீன் வேண்டாமென்று கிளம்பினேன். பங்கு பிரிக்கிற அக்கா கத்தினார்: "இன்னா நைனா, எங்க மீனு உனுக்கு கலீஜா? கயித்தப் புடிச்சா பங்க எட்த்துகினுதான் போவணும். இல்லாங்காட்டி நாளிக்கு இந்தாண்ட வராதே!"

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். "உன் ஒடம்பப் பாத்தா மீனே அழுவுது மாமு. வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டேன். அதுவரை என் வீட்டில் கஞ்சிதான். அந்த மீன் இல்லாமல் வெறும் கயிறு என்னைப் படுக்கையில் தள்ளியிருக்கும். அவர்கள் எனக்குப் பயிற்சி ஒன்றும் கொடுக்கவில்லை. வலையை இழுத்தார்கள், நடுவில் எனக்கு ஓர் இடம் விட்டார்கள், தங்களைப்போல் உழைத்துச் சோறு தின்கிறவனாக மதித்தார்கள். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது.

தேர்வு நாளில் பாதித் தூரம் தாண்டியும் கை ஓயவில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் தண்ணீர் பின்னால் போனது. முதல் ஆளாக எல்லையைத் தொட்டேன். "என்னடா பண்ணினே?" என்றீர்கள். கரைவலை இழுத்தேன் என்றேன். "அதான் மீன் நாத்தம்" என்று எல்லார் முன்னாலும் சிரித்தீர்கள். பிறகு மற்ற பையன்களையும் கயிறு இழுக்க வைத்தீர்கள். அதில் தப்பில்லை. யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்லாததுதான் தப்பு.

எனக்குப் பாராட்டு வேண்டாம். உங்களுக்கு இன்னும் மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது. அந்தக் கடற்கரை ஆட்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழப் பதில் சொல்லுங்கள்: எங்கள் தோளில் வலு ஏற்றியது யார்?